கிக்கி பெர்டென்ஸ்: கிராண்ட் ஸ்லாம் இல்லாமல் நான்காம் இடம்

கேள்வி இதுதான்: டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன்) இறுதிப்போட்டியில் ஒருமுறைகூட ஆடாத நெதர்லாந்து வீராங்கனை கிக்கி பெர்டென்ஸ் எப்படி உலகத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை வந்தார்? முன்னணியில் இருக்கும்போதே, 30 வயதுகூட நிறையாமல் ஏன் விலகினார்?

இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லலாம். முதல் கேள்விக்குப் புள்ளிக்கணக்கு, இரண்டாவதற்குக் குதிகால் காயம் என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அவருடைய ஆட்டத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 2017 முடியும்போது பெர்டென்ஸ் டென்னிஸை விட்டுவிடலாமா என்று யோசித்தார். பின்னாளில் அவரே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த யோசனைக்கு முன் ஒரு வீராங்கனை, பின் வேறொரு வீராங்கனை. அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

பெர்டென்ஸ் பிறந்தது 1991 டிசம்பர் 10. ஊர் வாட்டரிங்கன், தி ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூடங்களில் காய்கறியும் பூவும் விளைவிக்கும் வெஸ்ட்லாண்ட் பகுதியில் இருக்கிறது. நெதர்லாந்தில் ஊருக்கு ஊர் டென்னிஸ் கிளப் உண்டு. அவற்றில் களிமண் தரை சர்வ சாதாரணம். அந்தத் தரையில் பந்து மெதுவாக வரும், உயரமாக எழும்பும். பெர்டென்ஸின் உயரம் 1.82 மீட்டர். நல்ல சர்வ், பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் கனமான டாப்ஸ்பின் ஏற்றிய ஃபோர்ஹேண்ட், நடுவில் திடீரென்று வலையைத் தாண்டியதும் விழும் ஒரு டிராப் ஷாட். களிமண் தரைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேண்டியதில்லை.

ஆனாலும் சின்ன வயதில் நெதர்லாந்து நம்பிக்கை வைத்திருந்தது இவர் மீது அல்ல. இவரைவிட ஒரு வயது மூத்த அரான்ட்சா ரஸ் 2008இல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டத்தை வென்றவர். 2011 பிரெஞ்சு ஓபனில் கிம் கிளைஸ்டர்ஸையே வீழ்த்தினார். அடுத்த நட்சத்திரம் அவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெர்டென்ஸ் அப்போது சின்னச் சின்னப் போட்டிகளில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

2012இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், நேரடி இடம் கிடைக்காதவர்கள் ஆடும் தகுதிச்சுற்றில் ஆரம்பித்து, பட்டத்தோடு திரும்பினார். முதல் நூறு இடங்களுக்கு வெளியே இருந்த ஒருவர் டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) பட்டம் வெல்வது அடிக்கடி நடப்பதல்ல. அதற்கப்புறம் நேராக மேலே ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. இரண்டாவது ஒற்றையர் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். நடுவில் 2014 பிரெஞ்சு ஓபனில் மறுபடியும் தகுதிச்சுற்றிலிருந்து கிளம்பி நான்காம் சுற்று வரை வந்து, ஆண்ட்ரியா பெட்கோவிச்சிடம் மூன்று செட்டில் தோற்றார். அதுவும் ஒரு மின்னல் மாதிரி வந்து போனது.

ரேமன் ஸ்லைட்டர் பயிற்சியாளராக வந்த பிறகுதான் திசை மாறியது. ராட்டர்டாம்காரரான ஸ்லைட்டர் தானும் ஒரு காலத்தில் தொழில்முறை வீரர். 2003இல் சொந்த ஊர்ப் போட்டியின் இறுதி வரை வந்து தோற்றவர். ஒற்றையரில் ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சுற்று) பட்டம் எதுவும் வெல்லாமலே ஓய்வு பெற்றவர். பட்டத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்புவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பதற்றமான ஒரு வீராங்கனைக்கு அப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் இருந்தது பெரிய உதவி என்பது என் எண்ணம்.

2016 பிப்ரவரியில், நாடுகளுக்கு இடையிலான மகளிர் அணிப் போட்டியான ஃபெட் கோப்பைக்காக நெதர்லாந்து அணி மாஸ்கோ சென்றது. ரஷ்யாவை அதன் சொந்த மண்ணில் இந்தச் சின்ன அணி வெல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெர்டென்ஸ் ரஷ்ய வீராங்கனைகள் மகரோவாவையும் வென்றார், குஸ்நெட்சோவாவையும் வென்றார். ஏப்ரலில் பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியிலும் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். அணிதான் 3-2 என்று தோற்றது. நாட்டுக்காக ஆடும்போது அவரிடம் ஒரு துணிச்சல் தெரிந்தது. தனக்காக ஆடும்போது அது அவ்வப்போது காணாமல் போய்விடும்.

அந்த மே மாதம் அது காணாமல் போகவில்லை. நியூரம்பெர்க்கில் தகுதிச்சுற்றிலிருந்து தொடங்கிப் பட்டம் வென்றார். அதே வாரம் ஸ்வீடனின் யோஹானா லார்ஸனோடு சேர்ந்து இரட்டையர் பட்டமும் வென்றார். அந்தக் களைப்போடு பிரெஞ்சு ஓபனுக்காகப் பாரிஸுக்குப் போனால் முதல் சுற்றிலேயே ஏஞ்சலிக் கெர்பர். அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியன், போட்டியின் 3ஆம் நிலை வீராங்கனை. பெர்டென்ஸ் அப்போது 58ஆம் இடத்தில் இருந்தார். 6-2, 3-6, 6-3 என்று வென்றார். மூன்றாம் சுற்றில் கசாட்கினாவுக்கு எதிராகக் கடைசி செட் 10-8 வரை இழுத்தது. பிறகு மேடிசன் கீஸ், அப்புறம் டிமியா பாசின்ஸ்கி.

அந்த ஆண்டு பாரிஸில் மழை கொட்டித் தீர்த்து அட்டவணையே குலைந்துபோயிருந்தது. கீஸ், பாசின்ஸ்கி, செரீனா வில்லியம்ஸ் என்று அடுத்தடுத்த நாட்களில் ஆட வேண்டியதாயிற்று. அரையிறுதியில் செரீனாவுக்கு எதிராகக் காலில் கட்டோடு ஆடினார். முதல் செட்டை முடிக்கும் வாய்ப்பே அவர் கையில் இருந்தது. செரீனா அதைத் தடுத்து, 6-6 ஆனால் செட்டை முடிவு செய்யும் டை-பிரேக்கில் 9-7 என்று பிடுங்கிக்கொண்டார். இரண்டாவது செட் 6-4. இறுதிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கத் தோன்றும் ஆட்டம் அது.

இந்த அரையிறுதி நெதர்லாந்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அவர்களுடைய மகளிர் டென்னிஸ் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாட்டிலிருந்து ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்ற ஒரே பெண் கேயா பவுமன். அதுவும் 1927இல், பிரெஞ்சுப் போட்டியில். அதற்கப்புறம் பெரிய பெயர் என்றால் பெட்டி ஸ்டோவ். 1977 விம்பிள்டனில் ஒற்றையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றிலும் இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்றவர். ஒற்றையர் இறுதியில் எதிரே நின்றது வெர்ஜீனியா வேட். விம்பிள்டனின் நூற்றாண்டு, ராணி எலிசபெத் நேரில் வந்திருந்தார், மைதானம் முழுவதும் வேட் பக்கம். முதல் செட்டை ஸ்டோவ்தான் வென்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இதைக்கொண்டு மட்டும் ஸ்டோவை அளந்தால் அநியாயம். இரட்டையரிலும் கலப்பிலுமாகப் பத்து கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர் அவர். 1973இல் லண்டன் கிளவுஸ்டர் ஹோட்டலில் பில்லி ஜீன் கிங் வீராங்கனைகளைக் கூட்டி மகளிர் டென்னிஸ் சங்கத்தைத் தொடங்கினாரே, அன்றைக்கு முடிவு எடுக்காமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று கதவைப் பூட்டும் பொறுப்பைக் கிங் ஒப்படைத்தது உயரமும் உடல்வாகும் கொண்ட இந்த ஸ்டோவிடம்தான். இன்று டபிள்யூடிஏ என்று நாம் சொல்வது அந்த அறையில் பிறந்தது.

ஸ்டோவ் தரவரிசையில் தொட்டது 5ஆம் இடம். 1990களில் பிரெண்டா ஷுல்ட்ஸ்-மெக்கார்த்தி 9ஆம் இடம் வரை வந்தார். 1977க்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதியில் கால் வைத்த முதல் டச்சுப் பெண் பெர்டென்ஸ்தான்.

சரி, 2017க்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஆண்டு. நியூரம்பெர்க்கில் பட்டத்தைத் தக்கவைத்தார், ஸ்விட்சர்லாந்தின் ஷ்டாடில் இன்னொரு பட்டம். லார்ஸனோடு சிங்கப்பூரில் ஆண்டிறுதி இரட்டையர் இறுதிப்போட்டி வரை போனார். ஆனால் கிராண்ட் ஸ்லாம்களில் ஆரம்பச் சுற்றுகளிலேயே வெளியேறினார். ஒவ்வொரு தோல்வியும் அவரை நாள்கணக்கில் வாட்டியது. முந்தைய ஆண்டு அரையிறுதி ஆடியவர் என்ற எதிர்பார்ப்பு வேறு. ஆண்டு முடிவில், இதில் எனக்குச் சந்தோஷமே இல்லை, போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்.

இங்கேதான் நான் ஸ்லைட்டரை மதிக்கிறேன். இன்னும் கடுமையாகப் பயிற்சி செய் என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபமான வழி. இவர்கள் தொடர்வதா வேண்டாமா என்பதை உட்கார்ந்து பேசினார்கள். தொடர்வதென்றால் பயந்து பின்னால் நின்று ஆடுவதில்லை, அடித்து ஆடுவது என்று முடிவானது. தோற்றாலும் அப்படித் தோற்றால் போதும். களிமண்ணில் மூன்று மீட்டர் பின்வாங்கி நின்று பந்தைச் சுழற்றி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். பந்து தாழ்வாக, வேகமாக வரும் கடினத் தரையில் அப்படி நின்றால் எதிராளிக்கு மைதானத்தையே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். சர்வுக்கு அடுத்த பந்திலேயே முன்னே வந்து ஃபோர்ஹேண்டால் புள்ளியைக் கையில் எடுக்க வேண்டும். இதற்கான உடல் பெர்டென்ஸிடம் முன்பே இருந்தது. தைரியம்தான் புதிதாக வந்தது.

2018 ஏப்ரலில் சார்ல்ஸ்டன். மழையால் அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில். காலையில் கீஸோடு மூன்று செட் போராட்டம், அப்புறம் இறுதியில் யூலியா கெர்கஸை 6-2, 6-1. மே மாதம் மாட்ரிட்டில் வோஸ்னியாக்கி, ஷரபோவா, கார்சியா மூவரையும் வரிசையாக வீழ்த்தி இறுதியில் க்விட்டோவாவிடம் மூன்று செட்டில் தோற்றார். இதுவரைக்கும் எல்லாம் களிமண். ஜூலையில் விம்பிள்டன் புல்தரையில் வீனஸ் வில்லியம்ஸை மூன்றாவது செட்டில் 8-6 என்று வென்றபோதுதான், என்னவோ மாறியிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த சுற்றில் கரோலினா பிளிஸ்கோவாவையும் தாண்டிக் காலிறுதிக்கு வந்தார்.

ஆகஸ்டில் சின்சினாட்டி. என்னைப் பொறுத்தவரை பெர்டென்ஸின் உச்சம் இந்த வாரம்தான், அடுத்த ஆண்டின் மாட்ரிட் அல்ல. வோஸ்னியாக்கி காயத்தால் பாதியில் விலகினார். பிறகு ஸ்விட்டோலினாவை வென்றார், க்விட்டோவாவை வென்றார். இறுதியில் உலகின் முதல்நிலை வீராங்கனை சிமோனா ஹாலெப். முந்தைய வாரம்தான் மாண்ட்ரியாலில் பட்டம் வென்ற சூட்டோடு வந்திருந்தார். முதல் செட்டை 6-2 என்று அள்ளிக்கொண்டு போனார். இரண்டாவது செட் டை-பிரேக்கில் 6-5, ஹாலெப்புக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவருக்கு. பழைய பெர்டென்ஸாக இருந்தால் அங்கே பந்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டு ஹாலெப் தவறு செய்வார் என்று காத்திருந்திருப்பார். ஹாலெப் அப்படிக் காத்திருப்பவர்களைத் தின்று தீர்ப்பவர். பெர்டென்ஸ் பின்வாங்கவில்லை. அடுத்த மூன்று புள்ளிகளும் அவருக்கு. டை-பிரேக் 8-6, மூன்றாவது செட் 6-2. கடினத் தரையில் அவர் வென்ற முதல் பட்டம் இது.

ஒரு கணக்கு சொல்கிறேன், பாருங்கள். அவர் வென்ற ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 10. சின்சினாட்டிக்கு முந்தைய ஐந்தும் களிமண். சின்சினாட்டியில் தொடங்கி வந்த ஐந்தில் நான்கு கடினத் தரை: சின்சினாட்டி, அதே ஆண்டு சியோல், 2019இலும் 2020இலும் செயின்ட் பீட்டர்ஸ்பெர்க். களிமண் நிபுணர் என்று முத்திரை குத்தப்பட்டவர் 26 வயதுக்கு மேல் தன் ஆட்டத்தை இப்படித் திருப்பிப் போடுவது அபூர்வம்.

அந்த ஆண்டு, முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் சிங்கப்பூர் ஆண்டிறுதிப் போட்டிக்கு ஹாலெப் முதுகுவலியால் வரவில்லை. அந்த இடத்தில் பெர்டென்ஸ் நுழைந்தார். கெர்பரை வென்றார், ஒசாகா பாதியில் விலகினார், அரையிறுதியில் ஸ்விட்டோலினாவிடம் மூன்று செட்டில் தோற்றார். ஆண்டை 9ஆம் இடத்தில் முடித்தார். அந்த ஆண்டில் மிக அதிகம் முன்னேறிய வீராங்கனைக்கான டபிள்யூடிஏ விருதும் கிடைத்தது.

அடுத்து 2019 மாட்ரிட். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் களிமண்ணாக இருந்தாலும் பந்து பறக்கும். களிமண்ணில் வளர்ந்து, அடித்து ஆடக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த இடம். ஆஸ்டபென்கோ, நடப்புச் சாம்பியன் க்விட்டோவா, ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ், ஹாலெப் என்று நான்கு கிராண்ட் ஸ்லாம் சாம்பியன்களை வீழ்த்தினார். ஒரு செட்கூட இழக்கவில்லை. மாட்ரிட் மகளிர் பட்டத்தை அப்படி வென்ற முதல் ஆள் அவர்தான். இறுதியில் வென்றிருந்தால் ஹாலெப் மறுபடியும் முதலிடத்துக்குப் போயிருப்பார். பெர்டென்ஸ் 6-4, 6-4 என்று அதைத் தடுத்தார். 2019 மே 13 அன்று 4ஆம் இடம். ஸ்டோவின் 5ஆம் இடத்தைத் தாண்டி, டச்சுப் பெண் ஒருவர் தொட்ட உச்சம்.

இப்போது முதல் கேள்விக்கு நேரடியாக வரலாம். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களின் புள்ளிக்கணக்கு. அப்போதைய முறையில் மாட்ரிட் பட்டத்துக்கு 1000 புள்ளி, சின்சினாட்டி பட்டத்துக்கு 900. கிராண்ட் ஸ்லாம் அரையிறுதிக்கு 780, காலிறுதிக்கு 430. அதாவது மாட்ரிட்டை வெல்வது ஒரு கிராண்ட் ஸ்லாம் அரையிறுதியைவிட மதிப்பு அதிகம். பெர்டென்ஸ் மே 2019இல் வைத்திருந்தது மாட்ரிட், சின்சினாட்டி, செயின்ட் பீட்டர்ஸ்பெர்க், சியோல் பட்டங்கள், விம்பிள்டன் காலிறுதி, சிங்கப்பூர் அரையிறுதி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உலகின் முதல் பத்துப் பேரும் வரும் போட்டிகளில் வாரா வாரம் வென்று சேர்த்த புள்ளிகள் அவை. கிராண்ட் ஸ்லாம் வெல்லாதவர் என்று அவரைத் தட்டிக்கழிப்பவர்கள், இந்த ஓராண்டில் அவர் யார் யாரையெல்லாம் வென்றார் என்ற பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் வாரா வாரம் ஆடிச் சேர்ப்பதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. 4ஆம் நிலை வீராங்கனையாக, பட்டம் வெல்லக்கூடியவர்களில் ஒருவராகப் பாரிஸுக்குப் போனார். வயிற்று உபாதையால் இரண்டாம் சுற்றில் சில கேம்களிலேயே விலகினார். அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாய்ப்பு அதுதான், அது ஆட்டமே இல்லாமல் போனது. அடுத்த மாதம் சொந்த நாட்டில், ஸ்ஹெர்டோகன்போஸ் புல்தரை இறுதியில் அலிசன் ரிஸ்கிக்கு எதிராக முதல் செட்டை 6-0 என்று எடுத்து, ஐந்து மேட்ச் பாயிண்ட் கையில் வைத்திருந்தும் தோற்றார். இருந்தும் அவர் வாரங்களைக் குறைத்துக்கொள்ளவில்லை. இலையுதிர் காலம் முழுக்க ஊர் ஊராக ஆடிவிட்டு, ஷென்ஜென் ஆண்டிறுதிப் போட்டியில் ஒசாகாவுக்குப் பதிலாக நுழைந்து, முதலிடத்தில் இருந்த ஆஷ்லி பார்ட்டியை வென்றார். அடுத்த ஆட்டத்தில் உடம்பு முடியாமல் விலகினார். அந்த ஆண்டோடு ஸ்லைட்டருடனான கூட்டும் முடிந்தது. எலிஸ் தமேலா பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்.

2020 பிரெஞ்சு ஓபன், கொரோனாவால் அக்டோபரை ஒட்டித் தள்ளிப்போன அந்தக் குளிரான போட்டி. இரண்டாம் சுற்றில் சாரா எர்ரானி. எர்ரானிக்குப் பந்தை மேலே தூக்கிப் போடுவதே சிக்கலாகி, சில சர்வ்களைக் கைக்குக் கீழாகப் போட்டார். பெர்டென்ஸுக்குத் தசைப்பிடிப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே நொண்டினார். மேட்ச் பாயிண்டைத் தாண்டி 7-6, 3-6, 9-7 என்று மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடி வென்றார். வென்றவுடன் தரையில் விழுந்தார், சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். நடிப்பு என்று எர்ரானி குற்றம் சாட்டினார். அந்த ஆட்டத்தைப் பார்த்த எனக்கு அதில் நடிப்பு எதுவும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் அவர் சீனியகோவாவை எளிதாக வென்றதை வைத்துப் பேசுகிறார்கள். தசைப்பிடிப்பு ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். தீராதது குதிகால் தசைநார். அந்த மாதமே அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

2021 மார்ச்சில் திரும்பி வந்தார். கால் முழுதாக ஒத்துழைக்கவில்லை. பாரிஸிலும் விம்பிள்டனிலும் முதல் சுற்றோடு வெளியே. அந்த ஜூனில், இதுவே கடைசி ஆண்டு என்று அறிவித்தார். தரவரிசையில் அப்போதும் முதல் இருபதை ஒட்டியே இருந்தார். பெரிய போட்டிகளில் நேரடியாக ஆடிக்கொண்டே இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டியிருக்கலாம். பரிசுப் பணமும் வந்திருக்கும். ஆனால் 2017இல் அவர் தொடர ஒப்புக்கொண்டது ஆடுவதில் நிறைவு இருந்தால் மட்டும் ஆடுவது என்ற நிபந்தனையோடு. அடித்து ஆட வேண்டுமென்றால் கால் வேகமாக முன்னே போக வேண்டும். அது முடியாதபோது பழையபடி பின்னால் நின்று காலம் தள்ள அவர் விரும்பவில்லை. எனக்கு இது சோர்ந்துபோய் விட்டதாகத் தெரியவில்லை. முன்பே போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைக் காப்பாற்றினார் என்றுதான் தெரிகிறது.

கடைசிப் போட்டி டோக்கியோ ஒலிம்பிக். பார்வையாளர்கள் இல்லாத அரங்கில் முதல் சுற்றில் மார்கெட்டா வொன்ட்ரூஷோவாவிடம் மூன்று செட்டில் தோற்றார். வொன்ட்ரூஷோவா அங்கிருந்து இறுதி வரை போய் வெள்ளி வென்றார். ஒற்றையரில் 10, இரட்டையரில் 10 என்று பெர்டென்ஸின் பட்டக்கணக்கு சரிசமமாக நின்றது.

அவருக்குப் பின் நெதர்லாந்தில் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்கலாம். தொடக்கத்தில் சொன்னேனே, அரான்ட்சா ரஸ், அவர் 2023இல் ஹாம்பர்க் களிமண்ணில், 32 வயதில், தன் முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு ஒசாகாவில் சூசன் லாமன்ஸ் ஒரு பட்டம் வென்றார். ஃபெஸ்ஸில் பெர்டென்ஸ் செய்த மாதிரியே, தகுதிச்சுற்றிலிருந்து ஆரம்பித்து.